சாக்கின் மேல் நின்ற கதிரை

என் எழுத்து ஒரு வரியில் தொடங்கி அடுத்த வரியில் போய் இறங்கும். அதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். கொட்டாஞ்சேனையில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எந்த இடத்தில் எந்த 'ற' வரும் என்பது இன்றைக்கும் எனக்குக் குழப்பம்தான். மனைவி ஸ்டெல்லா பார்த்துத் திருத்தித் தருகிறேன் என்றாள். எழுத்தைத் திருத்து, விஷயத்தில் கை வைக்காதே என்று சொல்லியிருக்கிறேன். குறிப்பாக, எனக்குக் கோபம் வந்த இடங்களைத் தணித்து எழுதக் கூடாது. அவள் அப்படிச் செய்யக் கூடியவள்.

இதை எழுதவைத்தது ஒரு தொலைபேசி அழைப்பு. நான் வேலை செய்த சோதனைக்கூடத்தில் இப்போது இருக்கும் ஷாமிலா மிஸ் இரண்டு கிழமைக்கு முன் கூப்பிட்டார்.

"அண்ணே, பிளாஸ்டிக் கதிரை தரநிலையைத் திருத்துறாங்க. வரைவு வெளியே வந்திருக்கு. பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம். நீங்க ஏதும் சொல்றீங்களா?"

"நான் என்ன மிஸ் சொல்றது? தரையைப் பத்தி எழுதியிருக்கா?"

தாள் புரளும் சத்தம் கேட்டது.

"இல்லண்ணே. பழைய வரிதான். 'கதிரையைத் தரையில் வைத்து.' அவ்வளவுதான். ஆனா யார் சான்றிதழ் குடுக்கிறது, யார் முத்திரை குத்துறது எண்டு மட்டும் மூணு பக்கம் புதுசா சேர்த்திருக்காங்க."

மூன்று பக்கம்! எனக்குக் காது சூடாகிவிட்டது. மிஸ்ஸிடம் ஒன்றும் சொல்லாமல் தொலைபேசியை வைத்தேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் மட்டுமல்ல, தொலைபேசியிலும் என் குரல் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

சோதனைக்கூடத்துக்கு நான் தரை துடைக்கத்தான் போனேன். பிறகு சாமான் தூக்கினேன். பிறகு ஒரு நாள் சோதனை மேசைக்கு ஆள் வரவில்லை என்று என்னை அங்கே நிறுத்தினார்கள். அங்கேயே நின்றுவிட்டேன். படித்தவர்கள் வந்து போனார்கள். மணல் மூட்டை தூக்க ஆள் தேவை, அதனால் நான் இருந்தேன். கடைசியில் அந்த மூட்டையே என் முதுகை வாங்கிவிட்டது. அறுபது வரை இருக்க முடியாமல் ஐம்பத்தாறில் வீட்டுக்கு வந்தேன். என் பயிற்சி இவ்வளவுதான்.

ஆனால் ஒரு கதிரையைச் சோதிப்பது எப்படி என்று என்னிடம் கேளுங்கள். கடையிலிருந்து வந்த கதிரையை உடனே தொடக்கூடாது. லொறியில் வெயிலோடு வந்த பிளாஸ்டிக் இளகியிருக்கும். ஒரு நாள் அறைக்குள் நிற்கட்டும். அடுத்த நாள் கவிழ்த்து வைத்து, நாலு காலும் இருக்கையோடு சேரும் மூலைகளை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். கண் ஏமாறும், விரல் ஏமாறாது. பிறகு நிமிர்த்தி வைத்து, ஒவ்வொரு காலையும் சுற்றிச் சோக்குக் கட்டியால் கோடு போட வேண்டும். மணல் மூட்டையைத் தூக்கி இருக்கையின் நடுவில் இறக்க வேண்டும். போடக் கூடாது, பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துவது போல இறக்க வேண்டும். அரை மணித்தியாலம் மூட்டை இருக்கும். எடுத்த பிறகு கால் கோட்டை விட்டு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளக்க வேண்டும். கடைசியாக மூலைகளில் மையைத் தடவித் துடைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால் அதில் மை தங்கி நிற்கும்.

படிவத்தின் கீழே சோதித்தவர் கையொப்பம். நான் முழுப் பெயர் எழுதினால் கோடு தாண்டிப் போகும் என்பதால் 'ம. யோ.' என்று மட்டும் போடுவேன். அதற்கு மேல் தருமலிங்கம் சேரின் கையொப்பம், அழகாக, அச்சடித்தது போல.

தருமலிங்கம் சேர்தான் எங்கள் பகுதிக்குப் பெரியவர். யாழ்ப்பாணத்துக்காரர், ஹெவ்லொக் டவுனில் வீடு. அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அறிக்கையை வாசிக்கும்போது ஒவ்வொரு வரிக்கும் கீழே கோடு போடும் அடிமட்டத்தை வைத்து, வரி வரியாக இறக்கிக்கொண்டு போவார். பென்சிலைச் சீவிய தூளைக் காகிதத்தில் மடித்துத்தான் கூடையில் போடுவார். என்னை நிரந்தர வேலையில் போட்டவர் அவர்தான். மேலிடம் ஐந்தாம் வகுப்பா என்று கேட்டபோது, "அந்த மனிசன்ர விரலுக்கு நான் உத்தரவாதம்" என்று எழுதிக் கொடுத்தார். அதை நான் மறக்கவில்லை. மறக்க முடியாததால்தான் இத்தனை வருடமும் கோபத்தை உள்ளே வைத்திருந்தேன்.

அவரிடம் ஒரு கேள்வி இருந்தது. நாங்கள் என்ன சொல்லிக்கொண்டு போனாலும் அதைத்தான் கேட்பார்.

"எழுத்தில இருக்கோ?"

இருந்தால் செய்வார். இல்லாவிட்டால் அடிமட்டத்தை அடுத்த வரிக்கு இறக்கிவிடுவார்.

பழைய கட்டடத்தில் எங்கள் தரை சொரசொரப்பான சீமெந்து. பிறகு புதுக் கட்டடத்துக்குப் போனோம். தரை முழுக்க வெள்ளை டைல். சேர் முதல் நாள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். எங்கள் மணல் மூட்டை பழையது, தையலால் மணல் கசியும். அந்த மணல் டைலில் உரசினால் கீறு விழும். இரண்டாம் நாளே கீறு விழுந்தது. சேர் குனிந்து அதைப் பார்த்துவிட்டு, "யோசேப், ஏதாவது விரிச்சுப்போட்டுச் செய்யும்" என்றார்.

நான் ஒரு அரிசிச் சாக்கைப் பிரித்து, கழுவி, மடிப்பில்லாமல் விரித்தேன். அதன்மேல் கதிரை, அதன்மேல் மூட்டை. சிந்திய மணலைச் சாக்கோடு தூக்கி வெளியே உதறிவிடலாம். தரை பளபளவென்று இருந்தது. சேர் என்னைப் பாராட்டினார். எனக்கும் பெருமைதான். எந்தச் சோதனைக்கூடத்திலும் இவ்வளவு சுத்தமாகக் கதிரை சோதிக்க மாட்டார்கள் என்று ஸ்டெல்லாவிடம் சொன்னேன்.

அந்தச் சாக்குத்தான் பிழை. அதை விரித்தவன் நான்.

ஒரு நாள் மழை. கழுவிப் போட்ட சாக்குக் காயவில்லை. வேலை தேங்கி நின்றதால் சாக்கு இல்லாமலே ஒரு கதிரையை வைத்து மூட்டையை இறக்கினேன். முதல் நாள் சாக்கின் மேல் பிழையில்லாமல் தேறிய அதே வகைக் கதிரை. மூட்டையிலிருந்து நான் இன்னும் கையை எடுக்கவில்லை. பின்னங்கால் இரண்டும் வெளிப்பக்கம் சறுக்கத் தொடங்கின. சத்தமே இல்லை. கால்கள் விரிந்துகொண்டே போய், வலது கால் இருக்கையோடு சேரும் இடத்தில் 'டக்' என்று முறிந்தது. மூட்டை என்னையும் இழுத்துக்கொண்டு விழுந்தது.

தரையில் இருந்தபடியே யோசித்தேன். சாக்கின் நார் கதிரைக் காலைப் பிடித்துவைத்திருந்திருக்கிறது. இத்தனை நாளும் கதிரை பாரம் தாங்கியது தன் பலத்தால் இல்லை, என் சாக்கின் பலத்தால். ஆனால் கொழும்பில் யார் வீட்டில் சாக்கு விரித்துக் கதிரை போடுகிறார்கள்? வெள்ளவத்தை ஃபிளாட், தெஹிவளை ஃபிளாட் எல்லாம் டைல்தான்.

இன்னும் மூன்று கதிரையை அப்படியே வைத்துப் பார்த்தேன். மூன்றும் சறுக்கின. சேரைக் கூட்டி வந்து காட்டினேன். அவர் நீண்ட நேரம் முறிந்த காலைப் பார்த்தார்.

"சேர், சாக்கு இல்லாம வச்சா கால் நிக்குதில்ல."

"ம். இப்பத்தான் கதிரைக்குத் தரநிலை எழுதக் குழு கூடுது. நானும் அதில இருக்கிறன். இதைக் குழுவில வைக்கிறன், யோசேப்."

அந்த ஒரு வாக்குறுதியில் நான் நிம்மதியாகிவிட்டேன். மடையன்.

குழுக் கூட்டத்துக்கு நானும் போனேன். பேசுவதற்கு இல்லை, மாதிரிக் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு போகவும், தேநீர் கொடுக்கவும். சுவரோரம் நின்றேன். மேசையைச் சுற்றிக் கதிரை செய்கிறவர்கள், விற்கிறவர்கள், அதிகாரிகள், பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியை, எங்கள் சேர். அவர்கள் ஆங்கிலத்தில் பேசினால் எனக்குப் பாதிதான் விளங்கும். ஆனால் கோபம் வந்தால் எல்லோரும் சிங்களத்துக்கு வந்துவிடுவார்கள். அங்கே முக்கியமானதெல்லாம் கோபத்தில்தான் பேசப்பட்டது.

ஒரு பெரிய கதிரைக் கம்பனியின் மனேஜர் என்னைப் பார்த்து, "மல்லி, புட்டுவ மெஹே கேன்ன" என்றார், தம்பி, கதிரையை இங்கே கொண்டு வா என்று. கதிரையைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தேன். அவர் அதன் தோளில் தட்டிக்கொண்டே பேசினார். "எங்கள் தொழிற்சாலையிலேயே சோதனைக்கூடம் இருக்கிறது. நாங்களே சோதித்துச் சான்றிதழ் கொடுத்தால் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று இந்தத் தரநிலையிலேயே எழுதிவிடுங்கள்."

விற்பனைக்காரர் ஒருவர் பாய்ந்தார். "அப்படியென்றால் களவுக் கதிரைக்காரனும் முத்திரையைத் தானே குத்திக்கொள்வான். வெளி ஆள்தான் முத்திரை குத்த வேண்டும் என்று எழுதுங்கள்."

"வெளி ஆளிடம் போனால் எத்தனை மாதம் காக்க வைப்பான் தெரியுமா? சின்னத் தொழிற்சாலை மூடிக்கொண்டு போகவேண்டியதுதான்."

மனேஜர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்களிடமே கதிரைகள் வரிசையில் நின்றன. அது எனக்குத் தெரியும்.

அப்போது பேராசிரியை மேசையில் பேனையால் தட்டினார். அவர் சொன்னதை இன்றைக்கும் அப்படியே சொல்வேன்.

"இந்தத் தாளில் இரண்டு விஷயம்தான் வர வேண்டும். கதிரை எப்படி இருக்க வேண்டும், அது அப்படி இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது. யார் சோதிப்பது, யார் முத்திரை குத்துவது, அது வேறு தாள். செய்தவர் சோதிக்கலாம், வாங்குகிறவர் சோதிக்கலாம், வெளி ஆள் சோதிக்கலாம். மூவருக்கும் ஒரே விடை வரும்படி சோதனையை எழுதுவதுதான் நம் வேலை. அதை இன்னும் தொடங்கவே இல்லை."

ஐந்தாம் வகுப்புக்காரனுக்கு அது விளங்கியது. மேசையைச் சுற்றி இருந்தவர்களுக்கு விளங்கவில்லை. விளங்காத மாதிரி இருந்தார்களோ தெரியாது. அன்றைய கூட்டம் முழுக்க யார் என்பதிலேயே போனது. அடுத்த கூட்டமும் அதிலேயே போனது. நான் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக் கழுவி மறுபடி வைத்தேன். மூன்றாம் கூட்டத்தில் ஒரு வழியாக, தொழிற்சாலைச் சான்றிதழும் சரி, வெளிச் சான்றிதழும் சரி என்று அரைப் பக்கம் எழுதினார்கள். எல்லோரும் கை குலுக்கினார்கள். மணிக்கூட்டைப் பார்த்தார்கள்.

"சோதனை முறை?" என்று பேராசிரியை கேட்டார்.

"வழமையான முறைதானே. கதிரையைத் தரையில் வைத்து, பாரத்தை ஏற்றி..." என்று மனேஜர் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதினார்.

நான் தருமலிங்கம் சேரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். வாயைத் திறக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடிமட்டத்தைப் பைக்குள் வைத்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, வரி முடிந்துவிட்டது. எந்தத் தரை என்று யாரும் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது சோதனைக்கூட வான் வண்டியில் கேட்டேன். அவரிடம் நான் கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை.

"சேர், தரையைப் பத்திச் சொல்லல்லியே?"

"மூண்டு கூட்டமாச்சு, யோசேப். நான் அதைத் துவங்கியிருந்தா நாலாவது கூட்டம். எல்லாருக்கும் களைச்சுப் போச்சு. திருத்தம் வரேக்க பாப்பம்."

களைத்துவிட்டதாம். கதிரையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு. சுவரோரம் நின்றவனுக்குக் களைக்கவில்லை.

தரநிலை வெளிவந்தது. முத்திரைக்காக முதலில் வந்த கதிரைகளில் அந்த மனேஜரின் கம்பனிக் கதிரையும் ஒன்று. சொந்தச் சான்றிதழோடு எங்கள் அறிக்கையும் இருந்தால் கடைக்காரர்கள் நம்புவார்கள் என்று அனுப்பியிருந்தார். நான் சாக்கைக் கையில் வைத்துக்கொண்டு சேரின் அறை வாசலில் நின்றேன்.

"சேர், இது விரிச்சா செய்றதா, விரிக்காமலா?"

"சாக்கு விரிக்கக் கூடாது எண்டு எழுத்தில இருக்கோ?"

"இல்ல சேர்."

"அப்ப வழமையா செய்யிற மாதிரிச் செய்யும். நாங்கள் எழுதினதைச் சோதிக்கிற ஆக்கள். எழுதாததை எங்கட பாட்டுக்குச் சேர்த்தா கம்பனிக்காரன் கேஸ் போடுவான்."

அந்த வரியை எழுதிய மேசையில் நீங்களும் இருந்தீர்கள்தானே என்று கேட்டிருக்க வேண்டும். தொண்டை வரை வந்தது. "ஓம் சேர்" என்று வெளியே வந்தது. சாக்கை விரித்தேன். கதிரை அசையவில்லை. சோக்குக் கோட்டை விட்டு ஒரு நூல்கூட நகரவில்லை. மூலையில் மை நிற்கவில்லை. 'ம. யோ.'

இனி யோகம் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டுக்கு எதிர்க் கதவு அவருடையது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், தனி ஆள். விடியற்காலையில் எழும்பி இடியப்பம் அவித்து, காலி வீதியில் இரண்டு சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுப்பார். இடியப்ப உரலைக் கையால் பிழிந்து பிழிந்து அவருடைய மணிக்கட்டு ஆம்பிளையின் மணிக்கட்டு மாதிரி இருக்கும். நான் படியில் கூச்சத்தோடு ஒதுங்கிப் போவதைப் பார்த்து, "என்ன தம்பி, வாடகை குடுக்காத ஆள் மாதிரிப் பதுங்குறீர்?" என்று பகிடி பண்ணுவார்.

அவர் புதிதாக ஒரு கதிரை வாங்கினார். முத்திரை பார்த்துத்தான் வாங்கினேன் என்று என்னிடமே காட்டினார். அதே கம்பனி, அதே வகை. நான் பார்த்தேன். என்ன சொன்னேன் தெரியுமா? "நல்ல நிறம் அக்கா" என்றேன்.

சில கிழமை கழித்து, இடியப்பம் அவித்து முடித்து, சமையலறை டைலைக் கழுவிவிட்டு, அந்தக் கதிரையில் உட்கார்ந்திருக்கிறார். பின்னங்கால்கள் விரிந்தன. விழும்போது வலது கையை ஊன்றியிருக்கிறார். மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. சத்தம் கேட்டு முதலில் ஓடியவள் ஸ்டெல்லா. நான் பின்னால் போனேன். கதிரை கவிழ்ந்து கிடந்தது. நான் அக்காவைப் பார்க்க முன் கதிரையின் காலைப் பார்த்தேன். அந்த ஒரு கணத்துக்காக என்னை நான் மன்னிக்க மாட்டேன். வலது பின்னங்கால், இருக்கையோடு சேரும் இடம். மழை நாளில் என் கண்முன் முறிந்த அதே இடம்.

கையில் கம்பி வைத்துத் தைத்தார்கள். எலும்பு பொருந்தியது, ஆனால் மணிக்கட்டு திரும்பவில்லை. உரலைப் பிடிக்க முடியாது. கடைகள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டன.

அக்கா சும்மா இருக்கிற ஆள் இல்லை. இடது கையால் நுகர்வோர் அலுவலகத்துக்கு முறைப்பாடு எழுதிக் கொடுத்தார். விசாரணைக்கு எல்லோரையும் கூப்பிட்டார்கள். கம்பனி சார்பில் அந்த மனேஜர். சோதனைக்கூடத்தின் சார்பில் தருமலிங்கம் சேரும், சோதித்தவன் என்பதால் நானும்.

நான் உள்ளே போனபோது அக்கா கையைக் கட்டித் தொங்கவிட்டபடி இருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"தம்பியும் வந்திட்டார். இனி எனக்குப் பயமில்லை."

நான் அவருக்காக வந்திருப்பதாக நினைத்துவிட்டார். நான் போய் மேசையின் மறுபக்கம் சேருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவருடைய முகம் மாறியதை நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்காகக் குனிந்துகொண்டேன்.

மனேஜர் முத்திரையைக் காட்டினார், சான்றிதழைக் காட்டினார், எங்கள் அறிக்கையைக் காட்டினார். அந்த அம்மா பாரமான ஆள், ஈரத் தரையில் கவனமாக இருந்திருக்க வேண்டும் என்றார். அக்கா தமிழில், "நான் கதிரையில இருந்தனான் ஐயா, கூத்தாடேல்லை" என்றார். மொழிபெயர்த்தவர் சிரித்துவிட்டார். விசாரணை அதிகாரி சிரிக்கவில்லை. நல்ல மனிதர்தான். என்னிடம் சிங்களத்தில் கேட்டார்.

"சோதனையைத் தரநிலையில் எழுதியிருக்கிறபடி செய்தீர்களா?"

சேர் அடிமட்டம் எதுவும் இல்லாமல் வெறுங்கையோடு மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதிரைக்குக் கீழே என்ன இருந்தது என்று அந்த அதிகாரி கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் கேட்கவில்லை. கேட்க அவருக்கு எப்படித் தெரியும்? தரநிலையில் தரையைப் பற்றி ஒன்றுமே இல்லையே. யார் சான்றிதழ் கொடுத்தார், அவருக்கு அந்த அதிகாரம் உண்டா, முத்திரை உண்மையா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். குழு எழுதிய அரைப் பக்கத்தின்படி எல்லாம் சரியாக இருந்தது.

"ஓம்," என்றேன். "எழுதியிருக்கிறபடிதான்."

அது பொய் இல்லை. என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகக் கேவலமான உண்மை அது.

கதிரை தரநிலைக்கு இணங்கியது என்று முறைப்பாட்டை முடித்துவிட்டார்கள். எனக்கும் அக்காவுக்கும் ஒரே கட்டடம், எனவே ஒரே பஸ். அக்கா ஜன்னலோரம் இருந்தார், நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பம்பலப்பிட்டி தாண்டும்போது அக்கா கேட்டார்.

"நீர் பொய் சொல்லேல்லைத்தானே, தம்பி?"

"இல்ல அக்கா."

"அப்ப சரி," என்றார். "என்ர பாரம்தான் போல."

அதற்குப் பிறகும் அவர் எங்களோடு நல்லமாதிரித்தான் இருந்தார். நத்தாருக்குக் கேக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார். தீபாவளிக்கு இடது கையால் பலகாரத் தட்டை நீட்டுவார்.

சேர் என்னைவிட முன்பே ஓய்வு பெற்றார். வழியனுப்பும் கூட்டத்தில் என் விரலைப் பற்றி எல்லோருக்கும் சொன்னார். சாக்கைப் பற்றிச் சொல்லவில்லை. அவர் கெட்டவர் இல்லை. எழுத்தில் இருப்பதை ஒருநாளும் மீறாதவர். ஆனால் எழுதும் இடத்தில் உட்கார்ந்திருந்தபோது எழுதாதவர். அதைவிடக் கெட்டது என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. நான் அவரைவிடத் திறம் என்று சொல்லவும் இல்லை. அவராவது ஒன்றையும் கையால் விரிக்கவில்லை.

ஷாமிலா மிஸ் வரைவின் பிரதியையும் கருத்துப் படிவத்தையும் தபாலில் அனுப்பினார். புது மூன்று பக்கத்தையும் ஸ்டெல்லா வாசித்துக் காட்டினாள். எந்த நிறுவனம், எந்த அங்கீகாரம், எந்த நிற முத்திரை, முத்திரை எத்தனை அங்குலம். முத்திரைக்கு அளவு இருக்கிறது, தரைக்கு ஒரு சொல் இல்லை. இந்த முறையும் மேசையைச் சுற்றி இருந்து அதே சண்டையைப் பிடித்திருக்கிறார்கள். சண்டை பிடியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வேறு தாளில் பிடியுங்கள். என் வேலை எழுதப்படும் தாளை எனக்கு விடுங்கள். எப்படிச் சோதிப்பது என்று எழுதாத தாளில் யார் முத்திரை குத்தினால் என்ன? கடவுளே இறங்கி வந்து குத்தினாலும் சாக்கின் மேல் நின்ற கதிரைக்குத்தான் குத்துவார்.

போன ஞாயிறு பூசை முடிந்து வந்து நேரே எதிர்க் கதவைத் தட்டினேன். அக்கா திறந்தார். நான் உள்ளே போகாமல் வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். சாக்கு, மழை நாள், மூன்று கூட்டம். அந்த அறிக்கையின் கீழே 'ம. யோ.' என்று போடும்போதே கதிரை சறுக்கும் என்று எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை.

அவர் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும் அந்தக் கையைக் குனிந்து பார்த்தார்.

"அப்ப என்ர பாரம் இல்லை."

"இல்ல அக்கா."

"இவ்வளவு காலமும் நான் என்ர உடம்பைத் திட்டிக்கொண்டிருந்தனான், தெரியுமோ? இரவுச் சாப்பாட்டையும் விட்டனான். அண்டைக்கு அந்த மனிசனிட்ட இதைச் சொல்ல உமக்கு என்ன வந்தது?"

"வெக்கம், அக்கா."

"வெக்கமோ!" என்றார். கீழ்மாடிக்குக் கேட்டிருக்கும். "என்ர கையைக் குடுத்தே உம்மட வெக்கத்தைக் காப்பாத்தினனான்?"

நான் நின்றேன். போ என்று சொன்னால் போயிருப்பேன்.

"இப்ப என்ன செய்யப் போறீர்?"

"எழுதப் போறேன். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு முன்னால குடுக்கணும்."

"எழுதும். எழுதிப்போட்டு முதல் எனக்கு வாசிச்சுக் காட்டும். உம்மோட கதைக்கிறதோ இல்லையோ எண்டு அதுக்குப் பிறகு பாப்பம்."

கதவைச் சாத்திவிட்டார். நாலு நாளாகத் திறக்கவில்லை. நாலு நாளாக எழுதினேன்.

படிவத்தில் கட்டங்கள் இருக்கின்றன. 'பிரிவு' என்ற கட்டத்தில் சோதனை முறை என்று எழுதியிருக்கிறேன். 'முன்மொழியும் திருத்தம்' என்ற கட்டத்தில் எழுதியது இது: கதிரையின் நாலு கால்களையும் கழுவித் துடைத்த வழவழப்பான டைலின் மேலோ கண்ணாடியின் மேலோ வைக்க வேண்டும். கால்களுக்குக் கீழே எதையும் விரிக்கக் கூடாது. சாக்கும் கூடாது. யார் சோதித்தாலும் இப்படித்தான் சோதிக்க வேண்டும். புது மூன்று பக்கத்தையும் எடுத்து வேறு தாளில் போட வேண்டும். 'காரணம்' என்ற கட்டம் சின்னது. 'இணைத்த தாள்களைப் பார்க்கவும்' என்று அதில் போட்டேன். இணைத்த தாள்கள் இவைதான்.

நாளைக்கு மாதா திருநாள். காலைப் பூசைக்குக் கொட்டாஞ்சேனைக்குப் போக முன், எதிர்க் கதவைத் தட்டி இதை வாசித்துக் காட்டுவேன். திறக்காவிட்டால் கதவுக்கு வெளியே நின்று வாசிப்பேன், படியில் போகிறவர்கள் கேட்டாலும் சரி. பிறகு நாலு மணிக்கு முன் நானே கொண்டுபோய் மேசையில் கொடுப்பேன்.

கையொப்பம் கோட்டைத் தாண்டிப் போகிறது. போகட்டும்.

மரியதாஸ் யோசேப்
வெள்ளவத்தை
2025 ஓகஸ்ட் 14, வியாழக்கிழமை